குளிரில் மட்டும்

சூடாக இருக்கும்போது அது ஒழுகாது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
ஏனென்றால் மாட்ஸ் முதலில் கேட்டது அதைத்தான்:
போன மாதம் சோதித்தீர்களே, இங்கெலா?

சோதித்தோம்.
ஒவ்வொரு இணைப்பின் மேலும்
ஊசிமுனைக் குழலால் ஹீலியம் தூவி
முள் அசைகிறதா என்று
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.
அசையவில்லை.

பிறகு மூன்று வாரம் குளிரவைத்தார்கள்.
வெளியே ஸ்கோனே வயல்களில் சர்க்கரை பீட் அறுவடை,
சாலையெல்லாம் லாரிகள் உதிர்த்த சேறு.
உள்ளே
எஃகு சுருங்கியது, செம்பு சுருங்கியது,
ஒன்றையொன்று கேட்காமல்
தனித்தனி அளவில் சுருங்கி
குளிரின் அடிமட்டத்துக்கு இரண்டே படி மேலே நின்றன.

அங்கே காற்றெல்லாம் சுவரில் உறைந்துவிடும்,
நைட்ரஜன், ஆக்ஸிஜன், நீராவி, யாரோ விட்ட பெருமூச்சு.
ஹீலியம் மட்டும் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும்,
போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே
வாசலில் நிற்கும் விருந்தாளி.
ஒரு முழம் நகர ஒரு பகல்.
அதனால் இரவு இரண்டு மணிக்கு மணி அடித்தபோது
எங்களுக்குத் தெரியும்
வந்தது வந்து நாலு நாளாகிவிட்டது என்று.

மறுபடி சூடாக்கினோம்.
வாயை மூடிக்கொண்டது.
ஸெனாத் சொன்னான்: பல்வலி,
டாக்டர் வீட்டுப் படியேறினால் நின்றுவிடும்.

வீட்டில் ரேடியேட்டர் வேறு மாதிரிச் சூடாக இருந்தது.
எங்கள் தெருவுக்கு வெந்நீர் அந்த இயந்திரத்திலிருந்துதான்,
குளிரைச் செய்யும்போது பிடுங்கிய வெப்பம்
குழாய் வழியே ஊருக்கு வரும்.
இயந்திரம் நின்றால் மரத்துண்டு எரிப்பார்கள்.
இரண்டு வெந்நீருக்கும் வித்தியாசமே கிடையாது,
தெரியும்.
இருந்தாலும் கையை வைத்துப் பார்த்தேன்.

டூவா கேட்டாள், ஏழு வயது:
அந்தக் குழாய்க்குள் என்னதான் இருக்கிறது?
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததை யார் திருடுவார்கள்?
திருட மாட்டார்கள். உள்ளே வந்துவிடுவார்கள்.
அவள் யோசித்துவிட்டு
தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்கு இணைப்புகள் மேல் சந்தேகம்.
அவிழ்க்காமல் முழுத் துண்டாக வெட்டியெடுத்து
ஒவ்வொன்றாகத் திரவ நைட்ரஜனில் முக்கினோம்.
முதலாவது, நல்லது.
இரண்டாவது, நல்லது.
மூன்றாவது முங்கி, புகைந்து, கொதித்து அடங்கி
ஹீலியம் பட்டதும் முள்
எகிறியது.
ஸெனாத் போஸ்னிய மொழியில் ஏதோ சொன்னான்.
அர்த்தம் கேட்கவில்லை.

திருகாணிகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தினேன்.
செம்பு வளையம் பளபளவென்று வந்தது.
அதன் குறுக்கே,
கூர்விளிம்பு பதிந்த தடத்தில், நசுங்கி,
ஒரு முடி.

மயிரிழையில் தப்பினோம் என்பார்கள்.
நாங்கள் மயிரிழையில் மாட்டிக்கொண்டோம்.
வெதுவெதுப்பில் அது அடைப்பாக இருந்திருக்கிறது,
குளிரில் உலோகத்தைவிட அதிகமாக ஒடுங்கி
வழிவிட்டிருக்கிறது.
ஏழு வாரம்.
எத்தனை லட்சம் க்ரோனர் என்று மாட்ஸ் சொல்லவில்லை,
ஜன்னலைப் பார்த்தான்.

ஸெனாத் தொப்பியைக் கழற்றி
வழுக்கையைத் தடவிக் காட்டினான்: நான் விடுதலை.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
பூட்டிய நாளின் பதிவேட்டில் ஐந்து பெயர்,
மூன்றாவது என்னுடையது.
அன்றைக்கு எல்லாருமே தலைமூடி, முகமூடி, இரட்டைக் கையுறை.
முடியின் நிறம் பழுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில்.
ஜூனில் நான் சாயம் போட்டேன்.
பூட்டியது மே மாதம்.

அறிக்கையில் எழுதினேன்:
அயல்பொருள். கரிமம். நீளம் இரண்டு சென்டிமீட்டர்.
அயல் என்ற சொல்லின் மேல்
பேனா கொஞ்சம் நின்றது.

இப்போது மறுபடி குளிர்கிறது,
நூற்று நாற்பதில் இருக்கிறது, இன்னும் இறங்கும்.
வயல்கள் வெறுமையாகிவிட்டன.
அந்த முடியை ஒரு கண்ணாடிச் சில்லில் ஒட்டி
என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.
ஸெனாத் மட்டும்
தூய்மை அறைக்குள் நான் நுழையும்போதெல்லாம்
என் காதோரம் தலைமூடியை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிடுகிறான்,
வேறு எதையோ பேசிக்கொண்டே.